முப்பத்தொன்றாவது சட்டை

முப்பத்தொரு பொம்மைச் சிப்பாய்களும் சட்டை மாற்றிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் நடுவில், பல்செட்காரர் டீ குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பிக்குள் பூனைகூட நுழைய முடியாது. அவர் கிளம்பும்போது பச்சையும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டான மிலிட்டரி யூனிஃபார்மில் வரிசையாக நின்றவர்களில், திரும்பி வந்தபோது ஒருவர் கட்டம் போட்ட படுக்கை விரிப்புத் துணியில் இருந்தார். இன்னொருவர் சட்டையில் மொசைக் தரையின் புள்ளிகள். மூன்றாமவர் உடம்பு முழுக்கச் செய்தித்தாள். துப்பாக்கிகள் அப்படியே இருந்தன, பூட்ஸ் அப்படியே இருந்தது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பல்செட்காரர் முதல் வேலையாக வார்னிஷ் டப்பாவைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். காலாவதி ஆக இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இருபத்தேழு வருஷம் பல்செட் கட்டியவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள், ஆனால் அவர் எதிரில் மட்டும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் எழுந்து வந்து கடைவாயை எட்டிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய மெழுகில் விளையாட்டாக ஒரு சிப்பாயைச் செதுக்கினார். அந்தச் சிப்பாய் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை, கடிக்கிறது குத்துகிறது என்று இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரவில்லை. இது ரொம்ப சௌகரியமாக இருக்கிறதே என்று பல்லை விட்டுவிட்டுச் சிப்பாய்க்கு வந்துவிட்டார். கருவிகள் எல்லாம் பழையவைதான். ஈறு வழிக்கிற கரண்டியால் காலர் மடிப்பு, பல் இடுக்கைக் கீறும் ஊசியால் பொத்தான். மெல்லிய கம்பியை வளைத்து எலும்புக்கூடு செய்து, பிசைந்தால் இரண்டு மணி நேரத்தில் கல்லாக இறுகும் களிம்பை அதன் மேல் அப்பி, உடம்பு செய்து, உடம்புக்கு மேல் உடை செய்வார். மொத்த உயரம் இரண்டு இஞ்ச். பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து, கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, அது காய்ந்த பிறகுதான் பொம்மைக்குப் போவார். கண்மணிக்கு மூன்று முடி உள்ள பிரஷ். அந்தப் பிரஷ்ஷை அவர் மனைவிகூடத் தொடக் கூடாது, தொட்டதும் இல்லை, தொட ஆசைப்பட்டதும் இல்லை.

அந்த முப்பத்தொரு பேரைச் செய்யச் சொன்னவர் மேஜர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை மேஜர் என்றுதான் கூப்பிட்டது, அவரும் வேறு எதற்கும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கீழே இருந்த முப்பத்தொரு பேர் ஒரு மலைச் சரிவில் மாட்டிக்கொண்டார்கள். முப்பது பேர் பெட்டியில் வந்தார்கள். முப்பத்தொன்றாமவர் எப்படியும் வரவில்லை. தேடினார்கள், பனி உருகிய பிறகு மறுபடி தேடினார்கள், ஒரு பூட்ஸ் கயிறுகூடக் கிடைக்கவில்லை. மேஜர் தன் மிச்சக் காலத்தை ஒரு நினைவு மண்டபம் கட்டுவதில் செலவழித்தார். அதன் நடுவில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் அந்த மலைச் சரிவு, சரிவில் அவரவர் சொந்த முகத்தோடு முப்பத்தொரு பேர். சுவரில் பெயர்கள் பொறிக்க ஒரு கறுப்புக் கல். பல்செட்காரருக்கு ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆயிற்று.

செய்து முடித்ததும் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் குடும்பத்தாரை வரச் சொன்னார்கள். வந்தவர்கள் அழுதார்கள், மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை என்றார்கள், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். முப்பத்தொன்றாமவரின் மனைவி மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஊருக்கு வெளியே இருந்த யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் பதினொரு வருஷமாகப் பாக்கெட் வைக்கும் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது பாக்கெட். அதனால் அவளுக்குப் பாக்கெட் அக்கா என்றே பெயர். சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்தவள், தலைமுடியில் நூல் பிசிறோடு, பூதக்கண்ணாடியை வாங்கித் தன் கணவரின் நெஞ்சில் வைத்தாள். பிறகு அடுத்தவர் நெஞ்சில். பிறகு முதுகு, தோள்பட்டை, தொடைப் பக்கப் பாக்கெட் எல்லாம் பார்த்தாள்.

"முகமெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது சட்டை இல்லையே" என்றாள்.

பல்செட்காரருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "சட்டை இல்லாம, பின்னே என்னம்மா அது?"

"தோலு. டிசைன் சட்டையிலேர்ந்து பாக்கெட் மேல ஏறி, மூடியைத் தாண்டி, தையலைத் தாண்டி அப்படியே ஓடுது பாருங்க. எந்தத் துணியிலங்க அப்படி ஓடும்? அறுபது அடுக்கு துணியை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு மிஷின்ல அறுப்பாங்க. பாக்கெட் ஒரு மூலையிலேர்ந்து வரும், முதுகு ஒரு மூலையிலேர்ந்து வரும். நாங்க எது கைக்கு வருதோ அதை எடுத்து வெச்சுத் தைப்போம். தையல்ல டிசைன் உடையும். உடைஞ்சாத்தான் அது யாரோ உக்காந்து தைச்ச சட்டை."

பல்செட்காரர் அன்று மாலை வரை கோபமாக இருந்தார். மாலையில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த மிலிட்டரி பேன்ட் ஒன்றைப் போய்ப் பார்த்தார். ஒரு பச்சைத் திட்டு பாக்கெட் ஓரம் வரை வந்து, வெட்டுப்பட்டு நின்றது. அந்தப் பக்கம் பழுப்பு. அவர் வாழ்நாள் முழுக்க இந்தத் துணியைப் பார்த்திருக்கிறார், அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவரைப் போலச் சிப்பாய்ப் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் எல்லாருமே செய்கிற தப்பு அது. உடம்பு ஒன்றாக இருப்பதால் உடையையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். மறுநாள் முப்பத்தொரு பேரையும் தின்னரில் முக்கி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மொத்த வர்ணத்தையும் எடுத்தார். நான்கு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் தனித் துணியாக நினைத்து வரைந்தார். பாக்கெட் அக்கா இடைவேளைகளில் வந்து, "இந்தக் கைக்குத் தோள்ல ஒரு தையல் வரும்" என்று ஊசியால் காட்டிவிட்டுப் போவாள். நான்காம் மாதம், திங்கட்கிழமை, கடைசி ஆளுக்கு வார்னிஷ் அடித்தார். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அவர் விடவில்லை. மூன்று பேரை எடுத்து மறுபடி பச்சை அடித்தார். மறுநாள் பத்தேகாலுக்குப் பழையபடி விரிப்பும் மொசைக்கும் செய்தித்தாளும் வந்துவிட்டன. பெயின்ட் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். இந்த பிராண்டில் இதுவரை யாரும் அப்படிப் புகார் சொல்லவில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். பாக்கெட் அக்காவுக்கு மட்டும் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. "முன்னாடி தோலா இருந்துது, மாத்த முடியல. இப்போ சட்டை போட்டு விட்டிருக்கீங்க. சட்டைன்னா மாத்தத்தானே செய்வாங்க" என்றாள். பல்செட்காரருக்கு இதைவிட நல்ல விளக்கம் வேறு யாரும் கொடுக்கவில்லை.

என்ன துணிகள் அவை என்பது குடும்பத்தார் மறுபடி வந்தபோதுதான் விளங்கியது. கட்டம் போட்ட விரிப்பைப் பார்த்த ஓர் அம்மா, மூலையில் இருந்த இஸ்திரிப் பெட்டிச் சூட்டுக் கறையைக் காட்டி, அது தன் கட்டிலில் இப்போதும் கிடக்கிறது என்றாள். செய்தித்தாள் சட்டைக்காரரின் அப்பா பூதக்கண்ணாடி வைத்து ஒரு சோப்பு விளம்பரத்தைச் சத்தமாகப் படித்தார். அவர்கள் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிய ஈரத்தை மறைக்கத் தாள் ஒட்டியிருந்தார்கள், மகன் தூங்கும் பக்கத்தில் அந்த விளம்பரம். பஸ் டிரைவர் மகன் ஒருவர் பஸ்ஸின் கடைசி சீட் ரெக்சினில் இருந்தார், கிழிசல் உட்பட. ஒருவர் வெறும் வெள்ளை. வர்ணம் போய்விட்டதோ என்று பல்செட்காரர் பயந்தபோது அந்தச் சிப்பாயின் மனைவி, வீட்டுக்குத் தானே சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார் என்றாள். இன்னொருவரின் நெஞ்சில் நீலப் பூப்போட்ட ஜன்னல் கண்ணாடி. அவர் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க வீடு இல்லையே, எதிர்வீடுல்ல" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். மறுவாரம் அந்த எதிர்வீட்டுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், தனியாக வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பது எங்கள் ஊரில் அபூர்வம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

உருமறைப்பு உடுப்பு எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். நிற்கிற இடத்தோடு கலந்துவிடுவதற்கு. இந்த முப்பது பேர் எந்த இடத்தோடு கலந்துவிட ஆசைப்பட்டார்களோ அந்த இடத்தின் துணியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மேஜர் வந்து பார்த்தபோது அவர் காது சிவந்துபோயிற்று. "காட்டுக்குள்ள பெட்ஷீட்டைப் போட்டுக்கிட்டு நின்னா எதிரி பார்த்துட மாட்டானா?" என்றார். "எதிரிதான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துட்டானே சார்" என்றார் பல்செட்காரர். மேஜர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முப்பது வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யூனிஃபார்ம் விஷயத்தை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

முப்பத்தொன்றாமவர் விஷயம் வேறு. மற்றவர்கள் ஒரு தடவை மாற்றியதோடு சரி. இவர் மாற்றிக்கொண்டே இருந்தார். முதலில் சிவப்புக் கரை போட்ட கனமான கம்பளித் துணி. பன்னிரண்டு நாள் கழித்து மீன் வலையின் முடிச்சுகள். அப்புறம் எழுத்து அச்சடித்த சாக்கு, எழுத்து தலைகீழாக இருந்தது. அப்புறம் மரத்தூள், ஈரச் செங்கல், தகரத்தின் துரு. பாக்கெட் அக்கா வேலைக்குப் போகும் வழியில் தினமும் எட்டரை மணிக்கு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவாள். தபாலுக்குக் காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். "போனவங்களுக்கு எங்க வேணும்னாலும் போய் ஒளிஞ்சுக்க உரிமை இருக்கு, அதான் வீட்டுக்குப் போய் உக்காந்துட்டாங்க. இவரு இன்னும் நிக்கிற இடத்துல ஒளியறாரு. அப்போ எங்கேயோ நின்னுக்கிட்டு இருக்காருன்னுதானே அர்த்தம்?" என்று பல்செட்காரரிடம் கேட்டாள். செங்கல் ஈரமாக இருந்தால் அன்று முழுக்க அவளுக்குத் தொண்டை கரகரக்கும். கம்பளி மறுபடி வந்த வாரம் நன்றாகத் தூங்கினாள்.

அவளோடு அவள் நாத்தனாரும் இருந்தாள். காணாமல் போனவரின் தங்கை, பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை, வாயும் அப்படித்தான். பழைய வீடு இரண்டு பேருக்குப் பெரிது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கு இருவரும் மாறியிருந்தார்கள். "பொம்மை சட்டை மாத்துச்சுன்னு சொல்லிக்கிட்டு ஆபீசுக்குப் போனா சிரிப்பாங்க அண்ணி" என்பாள் நாத்தனார். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரசாங்கத்திடமிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டதால் இன்னாரை இறந்ததாகக் கருதலாம் என்று மனைவியும் உடன்பிறந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் கல்லில் பெயர் வெட்டலாம். நாத்தனார் போட்டுவிட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள், ஆனால் போட்டுவிட்டாள். அண்ணனுக்கு ஓர் இடம் வேண்டும், ஒரு கல்லிலாவது அவன் இருக்கட்டும் என்பது அவள் கட்சி. பாக்கெட் அக்கா போடவில்லை. போட்டுவிட்டால், எங்கோ ஈரச் செங்கலோடு ஒட்டி நிற்கிற மனிதரைத் தன் கையாலேயே கீழே தள்ளுவது போல அவளுக்கு இருந்தது. மண்டபத் திறப்புக்கு ஒரு மாதம் இருந்தபோது, படிவத்தை எடுத்துக்கொண்டு மேஜரே பல்செட்காரரின் அறைக்கு வந்தார், எட்டரை மணிக்கு, அவள் வருகிற நேரம் பார்த்து.

"பொம்மையோட சட்டையை வெச்சு ஆள் உயிரோட இருக்காருன்னு நான் எழுத முடியாதும்மா" என்றார். குரல் கடுமையாக இல்லை. "நானும் நம்பணும்னுதான் பார்த்தேன். கடைசியா ரேடியோவில பேசினது நான்தான். ஒளிஞ்சுக்கோங்க, நான் சொல்ற வரைக்கும் யாரும் வெளியே வரக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ரேடியோ செத்துப் போச்சு. உயிரோட இருந்திருந்தா இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது வந்திருக்க மாட்டாரா?"

பாக்கெட் அக்கா பையைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறியதைப் பல்செட்காரர் பார்த்தார். அவர் பிறகு பலமுறை சொன்னது, அது அழப்போகிற முகம் இல்லை, நூல் எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட முகம் என்று.

"அப்புறம் நீங்க வெளியே வரச் சொன்னீங்களா சார்?"

"யாருக்கும்மா சொல்றது? ரேடியோதான்..."

"சொல்லலதானே?"

அவள் தன் கல்யாண நாள் கதையைச் சொன்னாள். ஸ்டுடியோவில் போட்டோக்காரர் மாப்பிள்ளையின் தாடையைக் கொஞ்சம் தூக்கி, அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தார். எடுத்த பிறகு, முடிந்தது என்று சொல்ல மறந்துவிட்டார். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, பெண்ணுக்குத் தன் பக்கத்தில் ஆள் இல்லை என்று உறைத்து, தேடிக்கொண்டு போனால், மூடப்போகிற ஸ்டுடியோவில் தாடையைத் தூக்கியபடி அவர் நின்றுகொண்டிருந்தார். அரை நாள். கால் வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, அசையலாம்னு யாரும் சொல்லலையே என்றார். அவரோடு குடும்பம் நடத்திய இரண்டு வருஷமும் அப்படித்தான். முடி வெட்டுகிற கடையில் போகலாம் என்று சொல்கிற வரை எழுந்திருக்க மாட்டார். ஊரெல்லாம் சிரித்தது. அவளுக்கு மட்டும் அது பிடித்திருந்தது, சொன்ன சொல்லுக்கு மேலே கீழே போகாத ஓர் ஆள் என்று.

"நீங்கதான் ஒளிஞ்சுக்கச் சொன்னீங்க. நீங்கதான் வெளியே வரச் சொல்லணும். சொல்லுங்க" என்று அவள் பொம்மையைக் காட்டினாள்.

மேஜர் பல்செட்காரரைப் பார்த்தார். பல்செட்காரர் பிரஷ் கழுவுகிற தண்ணீரைப் பார்த்தார். இரண்டு இஞ்ச் உயரப் பொம்மை அன்றைக்குத் துருப்பிடித்த தகரத்தில் நின்றது. மேஜர் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தொண்டையைச் செருமினார். அந்தக் குரல் ஒன்பது வருஷமாக அவருக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரும் எண்ணும் சொல்லிக் கூப்பிட்டு, வெளியே வரலாம், ஆபத்து இல்லை, வீட்டுக்குப் போகலாம், இது உத்தரவு என்றார். பிறகு உட்கார்ந்து முகத்தைக் கைகளில் மூடிக்கொண்டார். படிவத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கல்வெட்டுகிறவரைத் திறப்புக்கு முந்தின திங்கட்கிழமைக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், அதுவரை தன்னால் பொறுக்க முடியும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் பொம்மையின் சட்டை மாறியது. வெளிர் மஞ்சளில் சின்னச் சின்னச் சிவப்புக் குடைகள், குடைகளுக்கு நடுவே நீலத்தில் மழைக் கோடுகள். ஜன்னலில் நின்று பார்த்த பாக்கெட் அக்கா நாத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். அது பழைய வீட்டு முன்னறை ஜன்னலின் திரை. நாத்தனாரே ஆசைப்பட்டு வாங்கியது, அவர் கடைசியாகக் கிளம்பிய காலையில் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நாத்தனார் வந்து பார்த்தாள், அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "அண்ணனும் வீட்டுக்குப் போய் உக்காந்துட்டான் அண்ணி. அந்த முப்பது பேர் மாதிரி." சட்டை மறுநாள் மாறவில்லை, அதற்கடுத்த நாளும் மாறவில்லை, ஒரு வாரம் ஆகியும் மாறவில்லை. மற்ற முப்பது சட்டைகளும் எப்படி நின்றனவோ அப்படியே நின்றது. பல்செட்காரர் காலையில் டீ குடிக்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டார், தான் இல்லாத நேரத்தில் ஏதாவது மாறி, கவனிக்காமல் போய்விடுமோ என்று.

பாக்கெட் அக்கா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாள். ஒன்று, அவர் போய்விட்டார். அப்படியானால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இன்னொன்று, அவர் உத்தரவு கேட்டுக் கிளம்பிவிட்டார், நினைப்பு முழுக்க அந்த ஜன்னல்தான். அப்படியானால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அவருக்குத் தெரிந்த வீடு பழைய வீடு. அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், ஜன்னலில் வேறு எதுவோ தொங்குகிறது. வந்து பார்த்து, இது நம் வீடு இல்லை என்று அந்த மனிதர் திரும்பிவிட்டால்? அந்தப் பழைய குடைத் திரையும் முழுசாக இல்லை. வீடு மாறும்போது ஒரு பாதி தையல் மெஷினுக்கு மூடியாகியிருந்தது, இன்னொரு பாதி நாத்தனாரின் மணி அடிக்கும் கட்டையை வைக்கும் பையாகியிருந்தது. இரண்டையும் பிரித்து விரித்தார்கள். பைத் துணியை நேராக வைத்தால் ஜன்னல் அகலத்துக்குப் பற்றவில்லை, குறுக்காகத் திருப்பினால்தான் சரியாக இருந்தது. அவள் வேறு வழியில்லாமல் அப்படியே வைத்து நடுவில் ஒரு தையல் போட்டாள். மேல் பாதியில் குடைகள் நிமிர்ந்து நின்றன, மழை நேராகப் பெய்தது. கீழ்ப் பாதியில் குடைகள் படுத்துக் கிடந்தன, மழை பக்கவாட்டில் ஓடியது. பதினொரு வருஷத்தில் அவள் தைத்ததிலேயே மோசமான வேலை அதுதான் என்று அவளே சொல்வாள்.

பழைய வீட்டில் அப்போது இருந்தவர் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர், பெரிய ஆஸ்பத்திரியில். முப்பத்திரண்டு வருஷம் அதே பெட்டிக்குள் மேலும் கீழுமாகப் போனவர், அடுத்த மாதம் ஓய்வு. இரண்டு பெண்கள் வந்து, உங்கள் ஜன்னலில் எங்கள் திரையை மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதில் அவர் ஒன்றும் குழம்பவில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் கேட்காத கேள்வியா? "யாரு வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் தன் பச்சைத் திரையைத் தானே கழற்றிக் கொடுத்தார். "மேல போனவர் கீழ வரணும். நான் தினம் பார்க்கிறதுதானே" என்றார். அன்று புதன்கிழமை. வியாழன் காலை பொம்மையில் ஒரு மாற்றமும் இல்லை. வெள்ளியும் இல்லை. நாத்தனார் அன்று மாலை பேனாவை எடுத்து அண்ணி பக்கத்தில் வைத்தாள். திங்கட்கிழமை கல்வெட்டுகிறவர் வந்துவிடுவார். பாக்கெட் அக்கா படிவத்தை நான்காக மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள், ஞாயிறு மாலை போடுகிறேன் என்றாள். அதைச் சொல்வதற்கு அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பதை நாத்தனார் பார்த்தாள், போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு பல்செட்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், கையில் பூதக்கண்ணாடியோடு. "நான் தொடலம்மா. வர்ணம் உரிஞ்சிருக்கோன்னு பார்த்தேன், உரியல. நெஞ்சுக்கு நடுவுல டிசைன் உடைஞ்சிருக்கு. அங்க தையலே கிடையாது, நான்தானே செஞ்சேன், எனக்குத் தெரியாதா?" என்றார். அவள் கண்ணாடியை வாங்கினாள். நெஞ்சுக்கு மேலே குடைகள் நிமிர்ந்து நின்றன, மழை நேராகப் பெய்தது. நெஞ்சுக்குக் கீழே குடைகள் படுத்துக் கிடந்தன, மழை பக்கவாட்டில் ஓடியது. நடுவே அவள் போட்ட கோணல் தையல்கூட, ஓர் இடத்தில் இரட்டையாக ஓடியிருந்தது உட்பட, அப்படியே இருந்தது. அந்தத் திரை உலகத்தில் புதன்கிழமையிலிருந்துதான் இருக்கிறது. செத்தவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. அவள் கண்ணாடியைக் கொடுத்தாளா கீழே போட்டாளா என்று பல்செட்காரருக்கு நினைவில்லை. பையை விட்டுவிட்டு ஓடினாள்.

லிஃப்ட் ஆபரேட்டர் வாசலில் ஒரு டம்ளர் டீயோடு நின்றார். "விடியறதுலேர்ந்து எதிர்ல நிக்கிறாரும்மா. முதல்ல எனக்கே தெரியல, சுவருன்னு நினைச்சேன். உள்ளே வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டுட்டேன். அசைய மாட்டேங்கிறாரு." எதிர்ச் சுவரில் பழைய சுண்ணாம்புக் கறைகளும் பாசியும் திட்டுத் திட்டாக இருந்தன. பால்காரரும், பேப்பர் போடுகிறவரும், இரண்டு நாய்களும் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. பாக்கெட் அக்காவுக்கு மட்டும் உடனே தெரிந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை, தையலைத் தேடினாள். பாசித் திட்டு ஓர் இடத்தில் வெட்டுப்பட்டு நின்றது. அங்கே ஒரு பாக்கெட். பாக்கெட்டுக்கு மேலே தோள், தோளுக்கு மேலே தாடை, கொஞ்சம் தூக்கியபடி. தலை நரைத்திருந்தது. கண்கள் ஜன்னல் திரையிலேயே இருந்தன.

அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக ஆயிரம் பேச்சு யோசித்து வைத்திருந்தாள், அதெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் போய் நின்று, தாடையில் விரலை வைத்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"முடிஞ்சுதுங்க. அசையலாம்" என்றாள்.

அவர் அசைந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சாதாரண விஷயங்கள். நாத்தனார் மணி அடிக்காமல் ஓடி வந்ததால் அன்று அரை நாள் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் ஒரு மணி வரை கணக்குப் பாடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். மேஜர் வந்தார், முப்பத்தொன்றாமவர் எழுந்து நின்றார், இரண்டு பேரும் ரொம்ப நேரம் அப்படியே நின்றார்கள், பாக்கெட் அக்கா இரண்டு பேரையும் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்கள். கம்பளி, மீன் வலை, சாக்கு, தகரம் எல்லாவற்றையும் பற்றி அவள் கேட்டாள், அவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் சொன்னார். வாரத்துக்கு ஒரு தடவை, கேட்டால் மட்டும். துருப்பிடித்த தகரம் அடித்த ஒரு மரக்கடையில் ஒருநாள் காலை காதுக்குப் பக்கத்தில் மேஜர் குரல் கேட்டது என்றார், அதனால் கிளம்பி வந்துவிட்டேன் என்றார். அடுத்த மாதம் லிஃப்ட் ஆபரேட்டர் ஓய்வு பெற்றபோது, இந்த வேலைக்கு முப்பத்தொன்றாமவரைவிடப் பொருத்தமான ஆள் பூமியில் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்தார். அது உண்மைதான். ஏறுகிறவர்கள் சொல்கிற மாடிக்குப் போகிறார், சொல்லாவிட்டால் போகவில்லை. இதுவரை ஒரு புகாரும் இல்லை.

மண்டபம் சொன்ன தேதியில் திறந்தது. கல்லில் முப்பது பெயர்கள் இருக்கின்றன, கீழே ஓர் ஆளுக்கு உள்ள இடம் வழுவழுப்பாக விடப்பட்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பது பேர் அவரவர் வீட்டுத் துணியில் மலையில் நிற்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் அவ்வப்போது வருகிறாள். பொம்மை முப்பத்தொன்றாமவர் மட்டும் வார நாட்களில் ஆஸ்பத்திரி லிஃப்டின் சாம்பல் நிறத் தகட்டு டிசைனிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் குடைகளிலும் இருக்கிறார். மேல் பாதியில் நிமிர்ந்த குடைகள், கீழ்ப் பாதியில் படுத்த குடைகள். பாக்கெட் அக்கா, இப்போது தங்கள் ஜன்னலில் தொங்கும் அந்தத் திரையைப் பிரித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார், யார் உத்தரவும் இல்லாமல் அவராகச் சொன்ன முதல் வார்த்தை அது என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை மாலையில் மண்டபத்தைக் கூட்டுகிற அம்மா, பெட்டிக்குள் இன்னும் சாம்பல் நிறமே இருந்தால், மருத்துவமனையில் இன்றைக்குக் கூட்டம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே விளக்கை அணைக்கிறாள்.